லாயின்-லாயின் பட்டைக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: வணக்கம் அக்கா. மலேசியா, சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு மளிகைக் கடைகள். ஒன்று பட்டணத்தில், இன்னொன்று தோட்டத்துக்குப் போகும் சாலையில். 2023 தொடக்கத்திலிருந்து கவுண்டரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். அதிலிருந்து கணக்கை இறக்கி, கணக்கைப் படமாகப் போடும் பவர் பிஐ மென்பொருளை நானாகவே கற்றுக்கொண்டு, 14 பிரிவுகளையும் ஒரே வட்டமாகப் போட்டேன். துணி ஒரு மெல்லிய கீற்றாகத்தான் வருகிறது. நவம்பர் 2023-ஐவிட நவம்பர் 2024-இல் துணி விற்பனை பாதாளத்துக்குப் போய்விட்டது. துணிப் பகுதியை எடுத்துவிட்டு அங்கே குளிர்பானப் பெட்டி வைக்கலாம் என்கிறார் அண்ணன். அப்பாவோ, "துணிதான் தீபாவளிக்குச் சோறு போடுது, இந்தக் கலர் வட்டத்துக்கு என்ன தெரியும்" என்கிறார். அவர் இன்னும் 555 என்ற குட்டிக் குறிப்புப் புத்தகத்தில்தான் வாடிக்கையாளர்களின் கடனை எழுதுகிறார். அவர்களுக்குச் சம்பளம் வந்ததும் கடனை மொத்தமாக வாங்கி கவுண்டரில் அடித்துவிடுவார். எந்த சார்ட் போட்டால் உண்மை தெரியும்? "மற்றவை" என்பதற்கு மலாயில் போட்ட லாயின்-லாயின் பிரிவுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய துண்டாக வருகிறது. அது ஏன்? கணக்குத் தாளையும் இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

துணிப் பகுதியை இப்போதைக்கு மூடாதீர்கள். அண்ணன் சொல்வது கடைசியில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் இன்று உங்கள் கையில் இருக்கும் கணக்கை வைத்து அந்த முடிவை எடுக்க முடியாது. உங்கள் தாளை வரி வரியாகப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த சார்ட் என்ற கேள்விக்குப் பதில் சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். வட்டத்தை விட்டுவிட்டுப் பட்டைக்கு வாருங்கள். தமிழ்ப்பள்ளியில் பட்டைக் குறிவரைவு என்று வரைந்தோமே, அதேதான். 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், எந்த வகைப் படத்தை மனிதக் கண் சரியாக அளக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் புள்ளிகளையும் பட்டைகளையும் கண் நன்றாக ஒப்பிடுகிறது. கோணத்தை ஒப்பிடும்போது தடுமாறுகிறது, பரப்பளவில் இன்னும் தடுமாறுகிறது. வட்டத்தில் 14 துண்டு போட்டால், மசாலைத் துண்டு பெரிதா சோப்புத் துண்டு பெரிதா என்று உங்கள் அண்ணனால் எப்படிச் சொல்ல முடியும்? எண்ணைப் படித்துத்தான் சொல்வார். அப்புறம் படம் எதற்கு? இரண்டு மூன்று பங்குகள் மட்டும் இருந்து, "மொத்தத்தில் பாதிக்கு மேல் இதுதான்" என்று காட்ட வேண்டுமானால் வட்டம் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

பட்டையைப் படுக்கை வசமாகப் போடுங்கள். "அலங்காரச் சாமான்", "சாமி சாமான்", "டின் உணவு" என்று நம் பெயர்கள் நீளம். செங்குத்தாகப் போட்டால் எழுத்து சாய்ந்து, பாதியில் வெட்டுப்பட்டு, கழுத்தைத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கும். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். எல்லாப் பட்டைக்கும் ஒரே சாம்பல் நிறம், பேச வேண்டிய பிரிவுக்கு மட்டும் வேறு நிறம். பட்டை பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பிரிவு 9,200 வெள்ளி (ரிங்கிட்), இன்னொன்று 9,800 வெள்ளி என்று வையுங்கள். அச்சு 9,000-இல் தொடங்கினால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல நான்கு மடங்கு நீளமாகத் தெரியும். உண்மையில் வித்தியாசம் 600 வெள்ளிதான். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் சில நேரம் தானாகவே அச்சைப் பூச்சியத்துக்கு மேலே தூக்கிவிடும். ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டைப் படம் பிறந்த கதை உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786-இல் வெளியிட்ட வணிகப் பட நூலில், நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதியை வருடவாரியாகக் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவரிடம் பல வருடக் கணக்கு இல்லை. 1780 கிறிஸ்துமஸிலிருந்து 1781 கிறிஸ்துமஸ் வரை ஒரே ஒரு வருடத்துக் கணக்குத்தான் இருந்தது. அதனால் ஸ்காட்லாந்து வியாபாரம் செய்த 17 இடங்களுக்கும் பட்டைகள் வரைந்து ஒப்பிட்டார். காலம் இல்லாத கணக்கு என்பது அவருக்கே குறையாகப் பட்டது. வட்டத்தையும் பிறகு 1801-இல் அவர்தான் கொண்டுவந்தார். பிரிவுகளை ஒப்பிடும் பட்டைப் படத்தில் காலம் ஒளிந்துகொள்ளும் என்பதை அந்த முதல் படத்திலேயே பார்க்கலாம். உங்கள் துணிக் கணக்கில் நடந்ததும் அதுதான். அதற்கு வருகிறேன், முதலில் லாயின்-லாயின்.

சார்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குள் போகும் பிரிவுகள் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவையாக இல்லாவிட்டால், அது அழகான தவறான படம். மென்பொருள் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. நீங்கள் என்ன பெயர் கொடுத்தீர்களோ அதைக் கூட்டிப் போடும், அவ்வளவுதான்.

உங்கள் தாளில் பிரிவு என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ஒரு வரியில் "பெராஸ்" என்று மலாயில் இருக்கிறது. கொஞ்சம் கீழே "ரைஸ்" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. தோட்டச் சாலைக் கடையில் யாரோ "அரிசி" என்று தமிழிலேயே அடித்திருக்கிறார்கள். நமக்கு மூன்றும் ஒன்று. பவர் பிஐக்கு மூன்றும் மூன்று பொருள். உங்கள் 14 பிரிவுகளில் மூன்று உண்மையில் அரிசியேதான். மூன்றாவது அரிசி பின்னால் ஓர் இடைவெளியுடன் வேறு நிற்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அரிசியை மூன்றாக உடைத்துவிட்டு, அரிசி ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் எப்படி? நல்லெண்ணெயைப் பாருங்கள். பட்டணக் கடையில் அது எண்ணெய்ப் பிரிவில் இருக்கிறது. தோட்டச் சாலைக் கடையில் சாமி சாமானில் இருக்கிறது, விளக்குக்கு வாங்குகிறார்கள் என்பதால். இரண்டு முடிவுக்கும் காரணம் உண்டு. ஆனால் இரண்டு கடையின் சாமி சாமான் பட்டைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது நீங்கள் வேறு வேறு பொருள்களை ஒப்பிடுகிறீர்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு சிறு அட்டவணை போதும். இரண்டே நெடுவரிசை. இடது பக்கம் கணக்கில் இருக்கும் பழைய பெயர் ஒவ்வொன்றும், வலது பக்கம் அது எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்பது. பவர் பிஐக்குள்ளேயே கணக்கைச் சுத்தம் செய்யும் இடமான பவர் குவெரியில் முதலில் முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளிகளை வெட்டிவிட்டு, இந்த அட்டவணையை விற்பனைக் கணக்கோடு பெயர் வழியாக இணைத்துவிடுங்கள். இனிமேல் சார்ட்டில் வலது நெடுவரிசையை மட்டும் பயன்படுத்துங்கள். புதுப் பெயர் ஏதாவது முளைத்தால் அது இணையாமல் வெற்றாக நிற்கும், உடனே கண்ணில் படும். இந்த அட்டவணையை அப்பாவோடு உட்கார்ந்து போடுங்கள். எந்தச் சாமானை யார் எதற்காக வாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

இப்போது அந்தப் பெரிய துண்டு. பட்டணக் கடையில் லாயின்-லாயின் சாதாரணமாகத்தான் இருக்கிறது. தோட்டச் சாலைக் கடையில்தான் வீங்கியிருக்கிறது. நான் அதைத் தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மாதக் கடைசியில் படுத்துக் கிடக்கிறது. ஏழாம் தேதியை ஒட்டி எழுந்து நிற்கிறது, சில நாளில் மறுபடி படுத்துவிடுகிறது. ஒவ்வொரு மாதமும் இதே கதை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்தில் சம்பளம் வருகிறது, அப்பாவின் 555 புத்தகத்தில் இருக்கும் கடன் அடைகிறது. அப்பா அந்த மொத்தத் தொகையை, 180 வெள்ளியோ 240 வெள்ளியோ, எந்தப் பிரிவு என்று தெரியாமல் லாயின்-லாயின் பொத்தானில் அடிக்கிறார்.

புரிகிறதா? அந்தப் பட்டைக்குள் இருப்பது "மற்றவை" அல்ல. அது போன மாதம் கடனுக்குப் போன அரிசி, எண்ணெய், மாவு, மீன் டின், சோப்பு. தோட்டக் குடும்பங்கள் வாங்கிய சாமானெல்லாம் பெயரை இழந்து ஒரே பட்டையாகி நிற்கிறது. அதனால் அந்தக் கடையின் அரிசிப் பட்டை உண்மையைவிடக் குட்டையாகத் தெரிகிறது. விற்ற மாதமும் மாறிவிடுகிறது: செப்டம்பரில் போன சாமான் அக்டோபர் கணக்கில் ஏறுகிறது. கடனுக்கு வாங்குகிறவர்கள் யார்? ரொக்கம் கையில் இல்லாதவர்கள். உங்கள் சார்ட்டில் அவர்கள் வாங்கியது எதுவுமே தெரியவில்லை. இதைப் பார்த்துக் கடையில் எதைக் குறைப்பது என்று முடிவெடுத்தால், முதலில் அடிபடுவது அந்தக் குடும்பங்களின் சாமான்தான். எனக்கு மனசுக்குச் சங்கடமாக இருந்தது இந்த இடத்தில்தான், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது: கடனுக்குக் கொடுக்கும்போதே சாமான்களைக் கவுண்டரில் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். பணம் வந்த வகை என்ற இடத்தில் ரொக்கம், கார்டு மாதிரி "கடன்" என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கவுண்டர் மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் இதற்கு வசதி உண்டு, விற்றவரைக் கேட்டால் செய்துகொடுப்பார். அப்புறம் ஏழாம் தேதி பணம் வரும்போது அது புது விற்பனை ஆகாது, பழைய கடனின் வசூல். இரண்டையும் குழப்பினால் ஒரே அரிசி இரண்டு தடவை விற்றதாகிவிடும். 555 புத்தகத்தை அப்பாவிடமிருந்து பிடுங்காதீர்கள். வாடிக்கையாளர் முன்னால் எழுதி, அவர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளும் கணக்கு அது. அது அங்கேயே இருக்கட்டும், கவுண்டரிலும் அடிக்கட்டும்.

பழைய மாதங்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழைய 555 புத்தகங்கள் வீட்டில் கிடந்தால், தோட்டச் சாலைக் கடையின் இரண்டு மாதப் புத்தகத்தை மட்டும் எடுத்துப் பிரிவுவாரியாகக் கூட்டிப் பாருங்கள். அந்த விகிதத்தை வைத்து மற்ற மாதங்களின் லாயின்-லாயினை உத்தேசமாகப் பிரிக்கலாம். ஆனால் அப்படிப் பிரித்த பகுதியைச் சார்ட்டில் வெளிர் நிறத்தில் தனியாகக் காட்டுங்கள், கீழே "உத்தேசம்" என்று எழுதுங்கள். உத்தேசத்தை உறுதியான கணக்கோடு ஒரே நிறத்தில் கலந்தால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே எது எது என்று தெரியாது.

சரி, துணிக்கு வருவோம். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. நவம்பர் 2023-க்குள் தீபாவளிக்கு முந்திய பதினொரு நாள் இருக்கிறது, சேலையும் வேட்டியும் பிள்ளைகளுக்குச் சட்டையும் வாங்கும் நாள்கள். நவம்பர் 2024-இல் அப்படி ஒரு நாள்கூட இல்லை. எல்லாரும் பலகாரத்தையும் தின்று முடித்திருப்பார்கள். அந்த மாதம் துணி விற்கவில்லை என்பதில் என்ன ஆச்சரியம்? 2025-இல் தீபாவளி அக்டோபர் 20-க்கே வந்துவிட்டது, செப்டம்பரிலேயே வியாபாரம் தொடங்கியிருக்கும். 2026-இல் நவம்பர் 8. அப்போது அதே நவம்பர் ஒப்பீட்டை மறுபடி போட்டால் துணி திடீரென்று எழுந்து நிற்கும், அண்ணன் துணிப் பகுதியைப் பெரிதாக்கலாம் என்பார். கடையில் எதுவும் மாறியிருக்காது, நாள்காட்டிதான் நகர்ந்திருக்கும்.

எனவே மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்று அளந்து பாருங்கள். பவர் பிஐயில் ஒவ்வொரு வருடத்துக்கும் தீபாவளித் தேதியை ஒரு சிறு அட்டவணையில் வைத்து, விற்பனைத் தேதிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைப் புது நெடுவரிசையாகக் கணக்கிடுங்கள். முந்திய எட்டு வாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 2023-இல் அது செப்டம்பர் 17 முதல் நவம்பர் 11 வரை, 2024-இல் செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 30 வரை, 2025-இல் ஆகஸ்ட் 25 முதல் அக்டோபர் 19 வரை. மூன்று பட்டை, ஒரே நீளமான காலம், ஒரே பண்டிகை. துணி உண்மையில் குறைகிறதா என்பதற்கு இந்த மூன்று பட்டைதான் பதில். சாமி சாமானுக்கு இதே வேலையைத் தைப்பூசத்துக்குச் செய்ய வேண்டும். 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11 என்று அதுவும் மாதம் தாண்டியது. குளிர்பானத்துக்குச் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும். நோன்புப் பெருநாள் வருடத்துக்குச் சுமார் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும், 2024-இல் ஏப்ரல் 10, 2025-இல் மார்ச் 31. நம் நாட்டில் வியாபாரக் கணக்கை மாதத்துக்கு மாதம் ஒப்பிடுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

மாதவாரியாகப் போடும் இடங்களில் சின்ன வேலை ஒன்று பாக்கி. மாதப் பெயரை எழுத்தாக வைத்தால் பவர் பிஐ அகரவரிசையில் அடுக்கும். உங்கள் இரண்டாவது படத்தில் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று தொடங்குகிறதே, அதற்கு இதுதான் காரணம். மாத எண்ணுக்கு ஒரு நெடுவரிசை வைத்து, அதன்படி அடுக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

அண்ணனுடைய யோசனையை இப்போது நியாயமாகப் பார்ப்போம். அவர் கேட்பது விற்பனை பற்றிய கேள்வியே இல்லை. அந்த இடம் கடைக்கு என்ன சம்பாதித்துக் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் வட்டம் காட்டுவது விற்பனை. மானியச் சமையல் எண்ணெய் 1 கிலோ பாக்கெட், சீனி இரண்டையும் பாருங்கள். அரசாங்கம் விலை கட்டிய சாமான். விற்பனைப் பட்டையில் அவை உயரமாக நிற்கும், கையில் நிற்பது காசுக் கணக்கில்தான். துணியில் விற்பனை குறைவு, ஒரு துண்டில் நிற்கும் லாபம் அதிகம். ஆகவே பிரிவுவாரியாக வாங்கிய விலை போக மிஞ்சும் லாபத்தைக் கணக்கிட்டு, அதை அந்தப் பிரிவு பிடித்திருக்கும் அலமாரி அடிகளால் வகுத்துவிடுங்கள். அளவு நாடா எடுத்து இரண்டு கடையையும் அளந்துவிடுவது ஒரு பிற்பகல் வேலை.

ஒரு மாதிரிக் கணக்கு, இது உங்கள் எண் அல்ல: துணி மாதம் சராசரி 3,000 வெள்ளி விற்று அதில் 900 வெள்ளி லாபம், பிடிக்கும் இடம் 12 அடி என்றால் அடிக்கு 75 வெள்ளி. குளிர்பானம் 8,000 வெள்ளி விற்று 960 வெள்ளி லாபம், இடம் 8 அடி என்றால் அடிக்கு 120 வெள்ளி. பெட்டி ஓடும் மின்சாரக் கட்டணத்தைக் கழித்துவிட்டு மறுபடி பாருங்கள். துணியிலும் ஒன்றைக் கழிக்க வேண்டும்: மாதக் கணக்காக விற்காமல் தொங்கும் சரக்கில் பணம் முடங்கிக் கிடக்கிறது. வருட லாபத்தைச் சராசரியாகக் கையிருப்பில் இருக்கும் சரக்கின் வாங்கிய விலையால் வகுத்தால், போட்ட ஒவ்வொரு வெள்ளியும் வருடத்தில் எவ்வளவு கொண்டுவந்தது என்று தெரியும். இவ்வளவும் செய்த பிறகும் குளிர்பானமே முன்னால் நின்றால், அண்ணன் சொன்னதுதான் சரி, அப்பாவும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதும் முழுக்க மூட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். பெட்டியைத் துணிப் பகுதியின் ஒரு பாதியில் வையுங்கள், மீதியில் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் கொஞ்சம் துணி. தீபாவளிக்கு எட்டு வாரம் முன்பு ஸ்டாண்டுகளைக் கடை முன்னால் கொண்டுவந்து விரியுங்கள்.

ஒன்று மட்டும் இந்தப் பட்டைகளில் அகப்படாது. துணி வாங்க வந்த குடும்பம் அதே பில்லில் வேறு என்ன வாங்கியது? உங்கள் கணக்கில் பில் எண் இருக்கிறது. துணி இருக்கும் பில்களை மட்டும் வடிகட்டி, அந்தப் பில்களின் மொத்தத்தைப் பாருங்கள். மாவும் நெய்யும் அகல் விளக்கும் அதிலேயே இருந்தால், துணியை எடுக்கும்போது அதையும் சேர்த்து இழக்கிறீர்கள். அப்பா "சோறு போடுது" என்று சொல்வதில் இது அடங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். பல வருடம் கவுண்டரில் நின்றவர், பார்த்ததைத்தான் சொல்கிறார்.

இரண்டு கடைகளையும் ஒப்பிடும்போது ஓர் இடத்தில் வழுக்கும். தோட்டச் சாலைக் கடையின் மொத்த லாப விகிதம் குறைவு, அங்கே நிர்வாகம் சரியில்லை என்று அண்ணன் எழுதிய குறிப்பும் தாளில் இருந்தது. மறுபடியும் ஒரு மாதிரிக் கணக்கு. பட்டணக் கடையில் அரிசி, எண்ணெய், சீனி போன்ற அடிப்படைச் சாமானில் லாபம் 5 விழுக்காடு, மற்றதில் 20. தோட்டச் சாலைக் கடையில் அடிப்படையில் 6, மற்றதில் 22. இரண்டு பிரிவிலும் தோட்டச் சாலைக் கடைதான் மேல். ஆனால் பட்டணத்தில் விற்பனையில் 30 விழுக்காடுதான் அடிப்படைச் சாமான், தோட்டச் சாலையில் 80 விழுக்காடு. கூட்டிப் பார்த்தால் பட்டணக் கடைக்கு 15.5, தோட்டச் சாலைக்கு 9.2. ஒவ்வொரு பிரிவிலும் நன்றாகச் செய்கிற கடை, மொத்தத்தில் தோற்றதாகத் தெரிகிறது. அங்கே வருகிறவர்களுக்குத் தேவை அரிசியும் எண்ணெயும். அந்தக் கடையை நடத்துகிறவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கடைகளை ஒப்பிடும் முன் பிரிவுக்குள் போய் ஒப்பிடுங்கள்.

அதற்கு இரண்டு கடையின் பட்டைகளையும் ஒரே படத்தில் ஜோடி ஜோடியாக நெருக்கிப் போடாதீர்கள். 14 ஜோடி என்றால் 28 பட்டை, யாரும் படிக்கமாட்டார்கள். பவர் பிஐயில் ஒரே படத்தைக் கடைக்கு ஒன்றாகச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. இரண்டு கட்டம், ஒரே வரிசையில் பிரிவுகள், ஒரே அளவுகோல். கட்டத்துக்குக் கட்டம் அச்சின் அளவு மாறாமல் இருக்கிறதா என்று அமைப்புகளில் பார்த்துவிடுங்கள். மாறினால் சின்னக் கடையின் 500 வெள்ளியும் பெரிய கடையின் 5,000 வெள்ளியும் ஒரே நீளத்தில் நிற்கும்.

மென்பொருளை மாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும், உங்கள் இரண்டு கடைக்கு அது தாராளம். அண்ணனுக்குக் காட்ட பிடிஎஃப் ஆக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், அதற்காகக் கட்டணச் சந்தா எடுக்காதீர்கள். டேப்லோ பப்ளிக் என்று இன்னொன்று இலவசமாகக் கிடைக்கிறது, அழகாகவும் வரும். ஆனால் அங்கே வெளியிடுவதை உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். பவர் பிஐயிலும் இணையத்தில் வெளியிடும் பொத்தான் அதே மாதிரிதான். கடைக் கணக்கை அப்படிப் போடவே வேண்டாம். 555 புத்தகத்தில் இருந்து பிரிவுகளைக் கூட்டும்போது கடன்காரர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள், பிரிவும் தொகையும் தேதியும் போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், யார் எவ்வளவு கடன் என்பது அந்தக் குடும்பத்துக்கும் அப்பாவுக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம்.

வேலை வரிசை என்று கேட்டால்: இந்த வாரமே கடன் பொத்தானைப் போட்டுவிடுங்கள், அது தள்ளிப்போகும் ஒவ்வொரு சம்பளத் தேதியும் ஒரு மாதக் கணக்கைத் தின்றுவிடும். பெயர் அட்டவணை அதற்கடுத்து. மூன்று தீபாவளிப் பட்டைகளைப் பழைய கணக்கை வைத்தே இன்றைக்குக்கூடப் போடலாம். துணி பெரும்பாலும் ரொக்கத்துக்குத்தான் போகும் என்று அப்பா சொன்னால் அந்தப் படத்தை நம்பலாம். கடனுக்கும் போகும் என்றால், கடன் கணக்கு சேரும் வரை அண்ணனைக் குளிர்பானப் பெட்டிக்கு முன்பணம் கொடுக்க விடாதீர்கள்.